சரிந்த சிறகை மறைக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் மினியாபொலிஸில் இருக்கும் மகன், வபாஷா ஊரில் உள்ள தேசியக் கழுகு மையத்துக்கு அழைத்துப் போனான். காயம்பட்டு மீட்கப்பட்ட வெண்தலைக் கழுகைக் கையில் ஏந்தி, எங்கள் முன்னாலேயே விளக்கம் சொன்னார்கள். நூறு படம் எடுத்தும் ஒன்றும் தேறவில்லை. தலை வெறும் வெள்ளைத் திட்டு, கண்ணில் பால் படிந்த மாதிரி, காலில் தோல்வார் வேறு, ஒரு பக்கச் சிறகும் சரிந்தே தெரிகிறது. அடுத்த மாதம் மறுபடி போகிறோம். காட்டில் எடுத்தது மாதிரி வர என்ன செய்யலாம்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்தத் தலை. கழுகின் உடம்பு கரும்பழுப்பு என்பதால், கேமரா இருட்டு என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதில் வெள்ளைத் தலையின் இறகு வரிகள் எல்லாம் அழிந்துபோகும். வெளிச்ச அளவை மைனஸ் 1 வரை இறக்குங்கள். செல்போன் என்றால் திரையில் தலையைத் தொட்டுவிட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். உடம்பு கொஞ்சம் இருட்டாக வந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம், வெளுத்துப்போன தலையை மீட்கவே முடியாது.

கண்ணில் தெரிந்தது நோயில்லை, பயப்படாதீர்கள். பறவைகளுக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய இமை உண்டு, அது கண்ணுக்குக் குறுக்கே நொடியில் வந்து போகும். தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுத்தால் ஒன்றிலாவது கண் தெளிவாக இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும், சிறகை அடித்தால் 1/1000 நொடி வேண்டும், அதற்காக ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) 3200 வரை ஏற்றினாலும் பரவாயில்லை. இறகையெல்லாம் சிலிர்த்து உதறும் பாருங்கள், அந்த நேரத்தை விடாதீர்கள், பறவை பதற்றமில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, காட்டில் எடுத்தது மாதிரி என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நானும் ஒருமுறை இப்படி ஒரு படத்தில் தோல்வாரைக் கணினியில் அழித்திருக்கிறேன். எந்தக் காட்டில் எடுத்தீர்கள் என்று ஒரு சிறுவன் ஆசையாகக் கேட்டான், எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. அந்தச் சிறகு சரிந்திருப்பதால்தான் அந்தக் கழுகு உங்கள் முன்னால் இருக்கிறது. திரும்பக் காட்டில் விட்டால் பிழைக்காது. கழுகுகள் இப்படி ஆவதற்குக் காரணங்கள் உண்டு: சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மானைத் தின்ன இறங்கி வண்டியில் மோதுவது ஒன்று, ஈயம் இன்னொன்று. அமெரிக்காவில் மான் வேட்டையாடுபவர்கள் குடலைக் காட்டிலேயே விட்டுப் போவார்கள், அதில் சிதறிக் கிடக்கும் ஈயக் குண்டுத் துணுக்கு ஓர் அரிசிமணி அளவு வயிற்றுக்குள் போனாலே கழுகின் உயிருக்கு ஆபத்து. கழுகுகளின் எண்ணிக்கையைக் குறைத்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை 1972இல் தடை செய்து, படாத பாடுபட்டு, 2007இல்தான் இந்தப் பறவையை அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அதற்கப்புறமும் இந்த நிலை.

அதனால் தோல்வாரும் சிறகும் தெரிய, முழு உருவமும் வருகிற மாதிரி ஒரு படமாவது எடுங்கள். இந்தப் பறவைக்கு என்ன ஆனது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள். அதை அங்கேயே குறித்துக்கொண்டு படத்தின் கீழே எழுதுங்கள்.

கேள்வி: உள்ளே வெளிச்சம் குறைவு, ஃப்ளாஷ் போடலாமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் கழுகின் முகத்தில் விழுகிற பக்கமாகப் பார்த்து உட்காருங்கள், அதற்கு அரைமணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.