அவ்வாவோட தமிழ் எங்க போச்சு?

அக்காவுக்கு வணக்கம்,

எனக்கு காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமம். இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சேன், பயோ மேத்ஸ் குரூப். வீட்ல தெலுங்கு, வெளிய தமிழ். எங்க அவ்வாவுக்கு, அதான் பாட்டிக்கு, தை மாசம் ஸ்ட்ரோக் வந்து, கிருஷ்ணகிரில பார்த்துட்டு பெங்களூர்ல மூளை நரம்பு வைத்தியம் பார்க்கற நிம்ஹான்ஸுக்கு கூட்டிட்டு போனோம். இப்ப உடம்பு தேறிட்டாங்க, ஆனா தமிழ் மட்டும் வாயில வர மாட்டேங்குது. நாப்பது வருஷம் சந்தையில தமிழ் பேசி காய் வித்தவங்க, இப்ப தண்ணி வேணும்னா "நீள்ளு"ன்னுதான் கேக்கறாங்க. நாங்க தமிழ்ல சொல்றது புரியுது. இது ஏன்னு தேடப்போயி காக்னிட்டிவ் அண்ட் பிரெய்ன் சயின்சஸ்னு, மனசும் மூளையும் எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கற ஒரு படிப்பு இருக்கறது தெரிஞ்சுது. அமெரிக்கால டிகிரியிலயே எடுக்கலாமாம், சைக்காலஜி, கம்ப்யூட்டர், தத்துவம் எல்லாம் சேர்ந்து வருதாம். அப்பா, "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சா எதுவும் படிக்காத மாதிரி, ஒழுங்கா நர்ஸிங் சேரு"ங்கறார். அவர் சொல்றது தப்பா அக்கா?

தங்கச்சிக்கு,

முதல்ல அவ்வா. பேச்சுப் பயிற்சி ஆரம்பிச்சாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அவங்களுக்கு ரெண்டு மொழி தெரியும்ங்கறதையும், எதை வீட்ல பேசுவாங்க எதை சந்தையில பேசுவாங்கங்கறதையும் தெளிவா சொல்லுங்க. தமிழ்ல சொல்லு தமிழ்ல சொல்லுன்னு யாரும் அவங்களை நெருக்க வேண்டாம், தெலுங்குல வந்தா தெலுங்குல பேசுங்க, பேச்சு வர்றதுதான் இப்ப முக்கியம்.

நீ கேட்ட "ஏன்" இருக்கே, அதுக்கு நூத்தி நாப்பது வருஷ வயசு. 1880கள்ல பிரான்ஸ்ல ரிபோன்னு ஒருத்தர், முதல்ல கத்துக்கிட்டதுதான் கடைசி வரைக்கும் நிக்கும்னார். 1895ல பித்ருன்னு இன்னொரு பிரெஞ்சு டாக்டர், அப்படி இல்ல, நோய் வர்றதுக்கு முன்னாடி எந்த மொழி அதிகமா புழங்குச்சோ அதுதான் முதல்ல திரும்பும்னார். அவ்வா விஷயத்துல முதல் ஆள் சொன்னது பொருந்தற மாதிரி தெரியுது, ஆனா வீட்ல இருந்த நேரம் சந்தையில இருந்த நேரம் ரெண்டையும் கணக்கு போட்டா ரெண்டாவது ஆள் சொன்னதும் பொருந்தலாம். அதுக்கப்புறம் வந்த நோயாளிகளைப் பார்த்தா, சிலருக்கு ரெண்டு மொழியும் ஒன்னா தேறுது, சிலருக்கு ஒன்னு மட்டும், சிலருக்கு ஒன்னு ஏற இன்னொன்னு இறங்குது. ஒரே விதிக்குள்ள அடங்கல.

இப்ப பாரு, இதை யார் தீர்க்கணும்? மூளையில எந்த இடத்துல ரத்தம் போகலன்னு நியூராலஜி டாக்டர் ஸ்கேன்ல காட்டிடுவார். ஆனா அவ்வாகிட்ட படத்தைக் காட்டி "இது என்ன"ன்னு கேக்கறப்ப அவங்க "கண்ணு"ன்னு சொன்னா அது தமிழா தெலுங்கா? "பாலு"ன்னா? "ஊரு"ன்னா? ரெண்டு மொழியிலயும் ஒரே மாதிரி இருக்கற வார்த்தைய வெச்சு டெஸ்ட் பண்ணா தமிழ் இருக்கா போச்சான்னே சொல்ல முடியாது, தண்ணி நீள்ளு மாதிரி பிரிஞ்சு நிக்கற வார்த்தைய பொறுக்கி எடுக்கணும், அதுக்கு மொழியியல் தெரியணும். சரி, வார்த்தை அழிஞ்சே போச்சா, இல்ல உள்ள இருந்தும் வெளிய வர வழி அடைச்சிருக்கா? அவங்களுக்கு தமிழ் புரியுதுன்னு நீ எழுதியிருக்கியே, அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம், அழிஞ்சிருந்தா புரியாதே. ரெண்டு மொழி பேசறவங்க ஒன்னை பேசறப்ப இன்னொன்னை அடக்கி வெக்கறாங்க, அந்த அடக்கற வேலை கெட்டுப்போனா ஒரு மொழி மாட்டிக்கலாம்னு சைக்காலஜில ஒரு விளக்கம் உண்டு. கம்ப்யூட்டர்காரங்க ரெண்டு மொழி கத்துக்கிட்ட ஒரு நெட்வொர்க்கை, அதாவது மூளை மாதிரி பழகிப் பழகி கத்துக்கற ஒரு புரோகிராமை உருவாக்கி, அதை வேணும்னே சேதப்படுத்தி, எந்த மொழியில பயிற்சி கொடுத்தா எது தேறுதுன்னு பார்த்திருக்காங்க. ஒரு அவ்வாவுக்காக இத்தனை பேர் வேணும். அவங்க எல்லாரும் ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு புரியற மாதிரி இருக்கணும்னுதான் இந்தப் படிப்பே வந்துச்சு. அமெரிக்கால கலிபோர்னியா யுனிவர்சிட்டியோட சான் டியேகோ கேம்பஸ்ல 1986ல இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சாங்க, அங்கயே டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில நீ சொன்ன பேர்லயே மேஜர், அதாவது டிகிரில முக்கியப் பாடமா, இருக்கு.

உங்கப்பா சொல்றதுல பாதி சரி, அதை நான் மறுக்க மாட்டேன். நான் தர்மபுரில பி.எஸ்சி மேத்ஸ் முடிச்சுட்டு அலகாபாத்ல காக்னிட்டிவ் சயின்ஸ் சேர்ந்தவ. என் கிளாஸ்ல தத்துவம் படிச்சவர், பிசியோதெரபி படிச்சவர், இன்ஜினியரிங் படிச்சவர் எல்லாம் இருந்தோம், அங்க தாக்குப்பிடிச்சு மேல போனவங்க எல்லாரும் ஏதோ ஒன்னை உருப்படியா கையில வெச்சிருந்தவங்கதான், அது புள்ளியியலா இருக்கலாம் புரோகிராமிங்கா இருக்கலாம் நோயாளிகிட்ட உக்காந்து பேசத் தெரிஞ்ச திறமையா இருக்கலாம். எல்லாத்துலயும் முன்னுரை மட்டும் படிச்சவங்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க. அதனால ஒன்னுல காலை ஊனிக்கோ, மத்ததுக்கு கதவைத் திறந்து வெச்சுக்கோ.

நம்ம நாட்டுல இது பெரும்பாலும் டிகிரிக்கு அப்புறம்தான் வருது. ஐஐடி காந்திநகர் எம்.எஸ்சிக்கு எந்த டிகிரி படிச்சவங்களும் வரலாம், ஐஐடி டெல்லி, கான்பூர், அலகாபாத் யுனிவர்சிட்டிலயும் இருக்கு. அமெரிக்கா நல்ல ஸ்காலர்ஷிப் இல்லாம நம்ம மாதிரி குடும்பத்துக்கு ஆகாது, அதுக்காக கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரல. உனக்கு நான் சொல்றது பி.ஏ.எஸ்.எல்.பி, காது கேக்கறதும் பேச்சும் சம்பந்தப்பட்ட நாலு வருஷ படிப்பு, கடைசில இன்டர்ன்ஷிப்போட. மைசூர்ல 1965ல ஆரம்பிச்ச, பேச்சுக்கும் காதுக்கும்னே இருக்கற ஆயிஷ் (AIISH) இதுக்கு பேர் போன இடம், சென்னையிலயும் சொல்லித்தர்றாங்க. காது, மூளை, மொழியியல், சைக்காலஜி எல்லாம் அதுல வருது, முடிச்சா ஆஸ்பத்திரில வேலையும் உண்டு. அப்பா கேக்கற வேலையும் நீ கேக்கற கேள்வியும் ஒரே படிப்புல இருக்கு, அவர்கிட்ட இப்படியே சொல்லு. வேண்டாம் நர்ஸிங்தான்னு முடிவானாலும் கலங்காத, ஸ்ட்ரோக் வார்டுல நோயாளியோட அதிக நேரம் இருக்கறது நர்ஸ்தான்.

இன்னொன்னு சொல்லணும், இதை எழுதறப்பவே எனக்கு சந்தோஷமா இருக்கு. ஹைதராபாத்ல சுவர்ணா அல்லாடின்னு ஒரு நியூராலஜிஸ்ட்டும் அவங்க குழுவும் டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற திறமையும் மங்கிட்டே போற நோய், வந்த 648 பேரை வெச்சு 2013ல ஒரு ஆய்வு போட்டாங்க. ஒன்னுக்கு மேல மொழி பேசினவங்களுக்கு அந்த நோய் சராசரியா நாலரை வருஷம் தள்ளி வந்திருந்துச்சு, பள்ளிக்கூடமே போகாதவங்கள்லயும் அந்த வித்தியாசம் தெரிஞ்சுது. இதுல இன்னும் வாதம் ஓடிட்டுதான் இருக்கு, ஆனா இப்படி ஒரு ஆய்வுக்கு நம்ம மாதிரி மண்ணு வேணும். வீட்ல தெலுங்கு, பஸ்ல தமிழ், ஓசூர் தாண்டினா கன்னடம், பக்கத்து தெருவுல உருதுன்னு எழுத்து தெரியாத ஆயாகூட மூணு மொழியில பேரம் பேசற ஊரு நம்மது. நமக்கு இது தினசரி விஷயம், அதனாலயே யாரும் கவனிக்கறதில்ல. நீ கவனிச்சிருக்க.

ஒரு நோட்டு போடு. அவ்வாகிட்ட கேட்டுட்டு, அவங்க சரின்னா மட்டும். தேதி, யார் பேசினாங்க, எந்த மொழியில கேட்டாங்க, அவ்வா என்ன சொன்னாங்க, அவங்க சொன்ன மாதிரியே எழுது, திருத்தாத. பேரம், எண்ணறது, சாமி பாட்டு, திட்டறதுன்னு தானா வர்றதுல தமிழ் எட்டிப் பார்க்குதான்னும் கவனி, பேச்சு வராதவங்களுக்குகூட மனப்பாடமானது சில சமயம் வந்துடும். அடுத்த செக்கப்புக்கு நிம்ஹான்ஸ் போறப்ப அந்த நோட்டை கையோட கொண்டு போயி அங்க பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்ககிட்ட காட்டு, அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுது.