பானையைக் கழற்றும் மாதம்: கூண்டுப் பறவை கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ் பற்றியவை. கடையிலும் வீட்டிலும் நாம் அந்தப் பெயரில் அழைப்பது ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜியை. ‘ஆப்பிரிக்கன்’ என்று தனி விலைக்கு விற்பது வேறு இனம். கீழே லவ் பேர்ட்ஸ் என்று வரும் இடமெல்லாம் பட்ஜியையே குறிக்கும்.

மாடியில் தகரக் கொட்டகை போட்டு 6 ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம். முட்டை வைக்கக் கட்டிய பானைகள் வருடம் முழுக்கத் தொங்குகின்றன. பங்குனி வரை நன்றாகக் குஞ்சு எடுத்தவை, சித்திரை பிறந்ததும் மூன்று பானைக் குஞ்சுகளையும் சாகக் கொடுத்துவிட்டன. தீனிப்பை நிறைந்தபடியே செத்துக் கிடந்தன. என்ன நோய்?
— வாசகி, கும்பகோணம்

தீனிப்பை நிறைந்திருக்கிறது என்றால் தாய் தகப்பன் இரண்டும் கடைசி வரை ஊட்டியிருக்கின்றன. நீங்கள் சொல்லும் இடத்தையும் மாதத்தையும் வைத்துப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெக்கையைத்தான். தகரத்துக்கு ஒன்றரை அடி கீழே பானை தொங்கினால், நண்பகலில் வெளியே இருப்பதைவிட உள்ளே சூடு அதிகம். இறகு முளைக்காத நான்கைந்து குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மேலே பெட்டை உட்காரும். பெரிய பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துச் சமாளிக்கும். குஞ்சுக்கு அந்த வழி இல்லை.

தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேயுங்கள். மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு தொங்க விடுங்கள். ஆனால் இதெல்லாம் பெரிய பறவைகளைக் காப்பாற்றத்தான். குஞ்சு எடுக்கும் வேலையைச் சித்திரைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதற்குக் கணக்கு இருக்கிறது.

பானை கட்டி 8 முதல் 10 நாளில் முதல் முட்டை வரும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், 4 முதல் 6 முட்டை. ஒவ்வொன்றும் பொரிய 18 நாள். பொரிந்த குஞ்சு பானையை விட்டு வெளியே வர 30 முதல் 35 நாள். ஆக ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு முறை முட்டை வைத்துக் குஞ்சு எடுக்க, ஏறக்குறைய இரண்டு மாதம். மார்கழி முதல் தேதி பானை கட்டினால் முதல் ஈடு மாசியில் வெளியே வந்துவிடும். இரண்டாம் ஈடு பங்குனிக் கடைசியில், தாமதமானால் சித்திரை முதல் வாரத்தில். கத்திரி தொடங்கும்போது பானைகள் கழுவிக் காய்ந்து பரணில் இருக்க வேண்டும். தை பிறந்த பிறகு கட்டுகிறவர்களுக்கு இரண்டாம் ஈடு கத்திரியில் மாட்டும்; அவர்கள் ஒரு ஈட்டோடு நிறுத்துவது நல்லது. ஐப்பசியில் கட்டவே வேண்டாம். அடைமழை ஈரம் ஒரு பக்கம், தீபாவளி வெடி மறுபக்கம். வெடிச் சத்தத்தில் எழுந்த பெட்டை இருட்டில் பானைக்குத் திரும்பத் தெரியாமல் விடிய விடியக் கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கும், முட்டை ஆறிப்போகும்.

கழற்றுவதிலும் பக்குவம் உண்டு. கடைசிக் குஞ்சு வெளியே வருவதற்குள் பெட்டை அதே பானையில் அடுத்த ஈட்டுக்கு முட்டை வைத்திருக்கும். மனம் கேட்காமல் அதை விட்டுவிட்டுத்தான் பலர் வருடம் முழுக்கப் பானையைக் கழற்றாமல் போகிறார்கள். எடுத்துவிடுங்கள். பெட்டை தரையில் ஒன்றிரண்டு முட்டை போட்டுவிட்டு ஓயும். தீனிக் கிண்ணத்தில் போய் அடைகாக்க முயன்றால் ஆண்களையும் பெட்டைகளையும் தனித்தனிக் கூண்டில் பிரியுங்கள். இரவு விளக்கை அணையுங்கள். வெளிச்சம் நீள நீள முட்டை வைக்கும் எண்ணம் அதற்கு அடங்காது. வருடத்துக்கு இரண்டு ஈடு. அதற்கு மேல் எடுப்பது பெட்டையின் எலும்பிலிருந்து எடுப்பது. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

பெட்டை நேற்றிலிருந்து கூண்டுத் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வால் மேலும் கீழும் ஆடுகிறது. அடிவயிறு உருண்டையாக இருக்கிறது. இது அதற்கு இந்த வருடத்தில் நான்காவது ஈடு. விளக்கெண்ணெய் விடலாமா?
— வாசகர், மயிலாடுதுறை

வேண்டாம். முட்டை உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் முட்டை இருக்கும் இடம் வரை போகாது. இறகில் ஒட்டி உடல் சூட்டைக் குறைப்பதுதான் மிச்சம். வயிற்றை அமுக்கவும் கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் ஓட்டுத் துண்டு கிழித்துப் பறவை போய்விடும்.

இது அச்சில் வரும்போது உங்கள் பறவையின் நிலை ஏதோ ஒரு வகையில் முடிவாகியிருக்கும் என்பது எங்களுக்கு வருத்தம். இதே அறிகுறியைக் காணும் மற்றவர்களுக்காக முழுதாகவே எழுதுகிறோம்.

பறவையைச் சிறிய கூண்டிலோ துளையிட்ட அட்டைப்பெட்டியிலோ தனியாக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளியிலிருந்து 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். எல்இடி பல்பில் சூடு வராது. உள்ளே வெப்பமானி வைத்து 30 முதல் 32 டிகிரியில் நிறுத்துங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். ஒரு மூலையில் ஈரத்துணி வைத்தால் காற்றில் ஈரம் கூடும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வையுங்கள். பறவைகளுக்கான திரவக் கால்சியம் இருந்தால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக நக்கும்படி விடுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும்.

இவ்வளவும் முதலுதவிதான். சில மணி நேரத்தில் முட்டை வெளிவராவிட்டால், அல்லது கால் செயலற்றுப் போனால், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. டெல்டாக்காரர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் வழியிலும் சூடு குறையக் கூடாது.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நான்காவது ஈடு. ஓடு செய்யக் கால்சியம் வேண்டும். தீனியில் இல்லாவிட்டால் எலும்பிலிருந்து உருவும். அதுவும் தீர்ந்தால் முட்டையைத் தள்ளும் தசைக்கே வலு போய்விடும். வயது 10 மாதம் நிரம்பாத பெட்டைக்கும், தினை மட்டுமே தின்று கொழுத்த பெட்டைக்கும் இதே ஆபத்து. பிழைத்தால் இந்த வருடம் அதற்குப் பானை கிடையாது.

கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பறவைகளுக்கு வைக்கலாமா? நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று காசு கொடுத்து வாங்குகிறோமே, இரண்டும் ஒன்றுதானா?
— வாசகி, நாகப்பட்டினம்

ஒன்றுதான். கரையில் கிடைப்பதில் உப்பும் நாற்றமும் இருக்கும், அவ்வளவே. தார் எண்ணெய் படிந்ததையும் பழுப்பேறி நொறுங்குவதையும் ஒதுக்கிவிட்டு, வெள்ளையாக முழுதாக உள்ளதைப் பொறுக்குங்கள். ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறட்டும். தினம் தண்ணீரை மாற்றுங்கள். கடைசி நாள் தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது. பிறகு 10 நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். விரல் நகத்தால் கீறினால் மாவாக உதிரும் மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்த்து இருக்கும்படி கம்பியால் கட்டுங்கள். கெட்டியான முதுகுப் பக்கத்தை அலகால் சுரண்ட முடியாது. அதைத் திருப்பிக் கட்டிவிட்டு, ‘எங்கள் பறவை தொடவே மாட்டேன் என்கிறது’ என்கிறவர்கள் நிறையப் பேர்.

கோழிமுட்டை ஓடும் நல்லதுதான். 10 நிமிடம் கொதித்த ஓட்டைக் காயவைத்துக் கடுகளவுக்கு நுணுக்கி, வேகவைத்த முட்டையோடு கலந்து வாரம் இரண்டு நாள் கொடுக்கலாம். ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி போதும். மூன்று மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் விடாதீர்கள். காலை வெயில் அரை மணி நேரமாவது படாத பறவைக்குக் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் உடலில் ஒட்டாது.

இரண்டும் எட்டு மாதமாக ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன. பானையும் கட்டியாயிற்று. ஒரு முட்டைகூட இல்லை.
— வாசகர், திருவாரூர்

மூக்கைப் பாருங்கள். அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் மெழுகு போன்ற தோல், வளர்ந்த ஆணுக்கு நல்ல நீலம். பெட்டைக்கு வெளிர் பழுப்பு, முட்டை வைக்கும் பருவத்தில் காய்ந்த தோல் போல அடர்பழுப்பு. உங்களிடம் இருப்பது இரண்டும் நீல மூக்காக இருக்கலாம். இரண்டு ஆண்கள்கூட ஊட்டிக்கொள்ளும். சிவப்புக் கண் கொண்ட மஞ்சள், வெள்ளை நிறப் பறவைகளில் ஆணின் மூக்கு கடைசி வரை இளஞ்சிவப்பாகவே நிற்கும்; அங்கேதான் ஏமாறுவோம். துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெட்டை.

பத்து நாள் குஞ்சு ஒன்றின் கால்கள் தவளை போல இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கின்றன. அந்தப் பானையில் அது ஒன்றுதான். நிமிருமா?
— வாசகர், பட்டுக்கோட்டை

நிமிரும், இந்த வாரமே செய்தால். மூன்று வாரம் தாண்டினால் எலும்பு இறுகிவிடும்.

ஒற்றைக் குஞ்சு என்பதே பாதிக் காரணம். நாலு குஞ்சு இருந்தால் பெட்டையின் பாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாகத் தாங்கும். ஒன்றே இருந்தால் முழுப் பாரமும் அதன் முதுகில். மீதிக் காரணம் வழவழப்பான அடிப்பாகம். கால் ஊன்றப் பிடி இல்லை.

மருந்துக் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை அரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். பாதத்துக்குச் சற்று மேலே ஒரு காலைச் சுற்றி, உடம்புக்கு அடியில் இயல்பாக நிற்கும் அகலம், அதாவது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மறுகாலைச் சுற்றுங்கள். இடையில் உள்ள பகுதியை மடித்து ஒட்டிவிட்டால் இறகில் பிடிக்காது. காலும் விரலும் வீங்குகிறதா, நிறம் மாறுகிறதா என்று காலை மாலை பார்க்க வேண்டும். ஐந்து முதல் ஏழு நாளில் பெரும்பாலும் சரியாகும். பானையில் இரண்டு அங்குலம் மரச்சீவல் பரப்புங்கள். தச்சுப்பட்டறைத் தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். வேறு பானையில் ஏறக்குறைய இதே வயதுக் குஞ்சுகள் இருந்தால் அங்கே சேர்த்துவிடலாம். லவ் பேர்ட்ஸ் பெட்டை பொதுவாக அடுத்ததன் குஞ்சை ஏற்றுக்கொள்ளும்.

இந்த இடமாற்றம் கடைக்குட்டிகளையும் காப்பாற்றும். ஐந்து முட்டை ஈட்டில் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் எட்டு நாள் வித்தியாசம். கடைசியது இரண்டு கிராம் எடையில் பொரியும்போது மூத்தது பல மடங்கு கனத்திருக்கும். மிதிபட்டே போய்விடும்.

சம்பா அறுவடை வயலில் வலைபோட்டுப் பிடித்த சில்லைக் குருவிகளை ஜோடியாக விற்கிறார்கள். வாங்கி இனப்பெருக்கம் செய்யலாமா? லவ் பேர்ட்ஸுக்கு அரசுப் பதிவு வேண்டும் என்கிறார்களே?
— வாசகர், மன்னார்குடி

சில்லை, பச்சைக்கிளி, மைனா எதையும் வாங்கவோ வளர்க்கவோ கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிக்கவும் விற்கவும் வளர்க்கவும் தடைசெய்கிறது. குருவிதான் வேண்டுமென்றால் கூண்டில் பிறந்த ஜீப்ரா ஃபின்ச், பெங்காலி ஃபின்ச் வாங்குங்கள். அவற்றுக்குத் தேங்காய் நாரை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தால் தாமே கூடு கட்டும். நீள நூலும் தலைமுடியும் காலில் சுற்றி விரலையே அறுத்துவிடும்.

பதிவு என்பது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களுக்கு. 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் செய்ய வேண்டும். பட்ஜி, காக்டெய்ல், பீச் ஃபேஸ் ஆப்பிரிக்கன் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. ஃபிஷர் ஆப்பிரிக்கனும் ஜாவா குருவியும் உண்டு.

ராத்திரி கொசு தாங்கவில்லை. கூண்டருகே கொசுவத்தி ஏற்றலாமா?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

ஏற்றாதீர்கள். சாம்பிராணியும் வேண்டாம். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்திருப்பதால் புகை நம்மைவிட வேகமாக அதைத் தாக்கும். பழைய கொசுவலையைக் கூண்டின் மேல் போர்த்துங்கள். அம்மை பரப்பும் கொசுவும் அதோடு நிற்கும். கூண்டு சமையலறைக்கு அருகில் இருந்தால் நான்ஸ்டிக் சட்டியைக் காயவிட்டு மறக்காதீர்கள். அளவுக்கு மீறிச் சூடான அந்தப் பூச்சின் ஆவி, சில நிமிடத்தில் கூண்டையே காலி செய்யும்.

அலகைச் சுற்றித் தேன்கூடு போல வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. மஞ்சள் தடவியும் போகவில்லை.
— வாசகர், வலங்கைமான்

தோலுக்குள் துளைபோடும் சிற்றுண்ணி அது. மஞ்சள் எட்டாது. மருத்துவர் பறவையின் எடைக்கேற்பக் கழுத்துத் தோலில் ஐவர்மெக்டின் சொட்டு வைப்பார். ஒரு முறையோடு நிற்காமல், சொன்ன தேதியில் திரும்பப் போக வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தை நீங்களே ஊசியில் உறிஞ்சி அளக்காதீர்கள், 35 கிராம் பறவைக்கு அது விஷம். ஒரே கூண்டில் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்தே மருந்து. உட்காரும் குச்சிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கொய்யா, வேம்புக் கிளைகள் வையுங்கள்.

மழைக்காலத்தில் தினை முக்கல் நாற்றம் அடிக்கிறது. காயவைத்துப் போடலாமா?
— வாசகி, பாபநாசம்

காயவைத்தாலும் பூஞ்சையின் நஞ்சு போகாது. அது ஈரலைத் தாக்கும். கொட்டிவிடுங்கள். ஒரு பறவை நாளைக்கு இரண்டு தேக்கரண்டிதான் தின்னும், ஐப்பசி கார்த்திகையில் மூட்டையாக வாங்காதீர்கள். வாங்கும் முன் 100 தினையை எண்ணி ஓர் இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டுங்கள். மூன்று நாளில் 80 முளைத்தால் நல்ல தினை. முளைத்ததைக் கழுவி அப்படியே பறவைக்குப் போட்டுவிடலாம்.