எந்தத் திசையில், சார்?

தண்டையார்பேட்டைத் தாய்க்கு வணக்கம்.

"நிலநடுக்கத்தைப் படித்தால் சோறு போடுமா? கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லித்தான் சனிக்கிழமை மகளை என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு அழைத்து வந்தீர்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். நிலநடுக்கத்தின் முதல் அலை நொடிக்கு 6 கிலோமீட்டர் ஓடுகிறது, அடுத்த அலை 3.5. இரண்டும் கருவிக்கு வந்து சேர்ந்த இடைவெளி 20 நொடி. மையம் எவ்வளவு தொலைவு?

நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்து 168 கிலோமீட்டர் என்றாள். சரிதான். ஆனால் பேனாவை மூடவில்லை. "எந்தத் திசையில், சார்?" என்றாள். இந்தக் கணக்கில் திசை கிடைக்காது. மூன்று நிலையங்களைச் சுற்றி மூன்று வட்டம் வரைந்தால், அவை சந்திக்கும் இடமே மையம். கன்டெய்னர் லாரி போனால் வீட்டுப் பரணில் பாத்திரம் குலுங்குமே, அதையும் கருவி பதியுமா என்று அடுத்த கேள்வி. பதியும். அதனால்தான் கருவிகளைச் சாலை இரைச்சலுக்கு எட்டாத பாறையில் வைக்கிறார்கள். நான் கேட்காமலே கேள்வி கேட்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் வருவதில்லை, அம்மா.

நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல இன்று யாராலும் முடியாது. அதைக் கற்றுத் தருகிறோம் என்று எவராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வந்ததை உடனே கண்டறிவதுதான் வேலை. 2004 டிசம்பர் 26 காசிமேட்டுப் பக்கம் யாருக்கும் மறந்திருக்காது. சுமத்ராவில் நிலம் நடுங்கி, அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது, எச்சரிக்கத்தான் ஆளில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது 2007இல். அங்கே இரவு பகலாகத் திரையைப் பார்த்திருப்பவர்கள் இப்படிப் படித்தவர்கள்தாம்.

பிளஸ் டூ முடித்ததும் 'நிலநடுக்கம்' என்ற பெயரில் பட்டம் தேட வேண்டாம். மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் உண்டு, நிலவியலும் உண்டு. நான் இயற்பியலைச் சொல்வேன். வேறு பக்கம் திரும்ப நினைத்தாலும் அந்தப் பட்டம் கைகொடுக்கும். பிறகு நிலநடுக்கமும் அடங்கிய புவி இயற்பியலில் முதுநிலை: ஐஐடி என்றால் ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வெழுத வேண்டும், இல்லையென்றால் விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்தியத் தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வில் புவி இயற்பியலாளர் பணிக்கு இயற்பியல் முதுநிலை படித்தவர்களும் எழுதலாம். இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். எண்ணெய்க் கிணறு, நிலத்தடி நீர் தேடும் வேலைகளுக்கும் இதே படிப்புதான் வேண்டும். கட்டடத்தில் ஆர்வம் வந்தால் சிவில் படித்து அந்தப் பக்கம் போகலாம். நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கட்டட மாதிரிகளை மேடையில் வைத்துக் குலுக்கிப் பார்க்கும் ஆய்வுக்கூடம் தரமணியிலேயே இருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பதால் கல்லூரியில் சேர்ந்ததும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றீர்களே, திங்கட்கிழமை போய்த் திறந்துவிடுங்கள்.