குடித்திருக்கிறாரா, கல்லீரல் குழப்புகிறதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. எட்டு மாதம் முன்பு, கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் என்று சொன்னார்கள். அன்றோடு குடியை விட்டுவிட்டார். வயிற்றில் எப்போதும் காற்று, ஏப்பம். உள்ளங்கை சிவந்திருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் 92,000தான். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. புரதம் விஷமாக மாறும் என்று இணையத்தில் படித்ததால் முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கல்லீரலைச் சுத்தம் செய்யும் மூலிகைப் பொடியும் கொடுக்கிறேன். மலம் இளகுவதற்குக் கொடுத்த லாக்டுலோஸ் சிரப்பை, வயிறு போகிறது என்று அவரே நிறுத்திவிட்டார். இரண்டு வாரமாகப் பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரி விழித்திருக்கிறார். அதனால் தூக்க மாத்திரை பாதி கொடுக்கிறேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார், நாக்கு குழறுகிறது, கை ஆடுகிறது, வாயில் ஒரு மாதிரி வாடை. மறைத்துக் குடிக்கிறீர்களா என்று கேட்டால் எரிந்து விழுகிறார். இன்னும் இரண்டு வருடம்தான் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. உண்மையா டாக்டர்?

பதில்: இன்று ராத்திரி தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். இன்றைக்கே அவரைக் கல்லீரல் மருத்துவரிடமோ பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது அந்த மாத்திரையின் அட்டையையும், அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளையும், அந்தப் பொடி டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை அங்கே காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

ஏப்பத்தில் ஆரம்பித்துத் தட்டணு வரைக்கும் எழுதிவிட்டு, உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்: மறுபடியும் குடிக்கிறாரோ? அவர் குடிக்கவில்லை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வோர் அடையாளமும் ஒரு சொட்டு மது இல்லாமலேயே வரக்கூடியது. அதற்குப் பெயர் ஹெபாடிக் என்செஃபலோபதி. கல்லீரல் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததால் மூளையில் உண்டாகும் குழப்பம். இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை இதுதான் என்று வைத்துக்கொண்டே நாங்கள் சிகிச்சையை ஆரம்பிப்போம்.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அது போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும், சிறுநீரில் வெளியேறிவிடும். சிரோசிஸில் இரண்டு இடத்தில் இந்த ஏற்பாடு கெடுகிறது. வேலை செய்யும் செல்கள் குறைந்துவிடுகின்றன. அதோடு, தழும்பேறி இறுகிப்போன கல்லீரலுக்குள் நுழைய முடியாத ரத்தம் பக்கவழி தேடிக்கொண்டு, கல்லீரலைத் தொடாமலேயே பொது ரத்த ஓட்டத்தில் கலந்து மூளைக்கும் போய்விடுகிறது. அம்மோனியாவும், கூடவே குடலிலிருந்து வரும் வேறு சில நச்சுகளும் மூளையை மந்தமாக்குகின்றன.

இதில் முதலில் கெடுவது பெரும்பாலும் தூக்கத்தின் நேரம். பகல் ராத்திரியாகும், ராத்திரி பகலாகும். வீட்டில் இருப்பவர்கள் இதை 'தூக்கம் வரவில்லை' என்று எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரும் இருப்பார். ஏற்கெனவே மந்தமாகிக்கொண்டிருக்கும் மூளையை அது இன்னும் கீழே தள்ளும். அதை உடைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ தளர்ந்து கிடக்கிறது, அதனால் மருந்து உடம்பில் தங்கும். பாதி மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள். தூக்கம் வரவைக்கும் சளி, இருமல் மருந்துகளுக்கும் இதே தடைதான்.

தூக்கத்துக்கு அடுத்தபடியாகக் கைவேலை தடுமாறும். பொத்தான் தவறான துளைக்குள் போகும், கையெழுத்து கோணலாகும், எளிய கணக்கு தப்பும். அப்புறம் குணம் மாறும்: சாதுவாக இருந்தவர் எரிந்து விழுவார், கலகலப்பானவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை ஆடுவதைச் சோதிக்க, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து, வண்டியை நிறுத்துவதுபோல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தக் குழப்பம் இருந்தால் கை சட்டென்று கீழே விழுந்து மறுபடி எழும். குடியை நிறுத்தியவர்களுக்கு வரும் நடுக்கம் வேறு மாதிரி; அது நிறுத்திய முதல் சில நாட்களில் வரும், எட்டு மாதம் கழித்து வராது.

வாடை விஷயமும் அப்படித்தான். கல்லீரல் தளர்ந்தவர்களின் மூச்சில் லேசான இனிப்பும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை வரும். அதைச் சாராய வாடை என்று நினைத்து வீட்டில் சண்டை நடந்த கதைகளை மருத்துவர்கள் நிறையவே கேட்டிருக்கிறோம். அவர் குடித்தாரா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றால், சில நாட்களுக்கு முன் குடித்ததைச் சிறுநீரிலும், சில வாரங்களுக்கு முன் குடித்ததை ரத்தத்திலும் காட்டும் பரிசோதனைகள் உண்டு. அவரிடம் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு செய்யலாம். ஆனால் பதில் எதுவாக இருந்தாலும் இன்றைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியது மாறாது.

அங்கே இந்தக் குழப்பத்தைக் கிளப்பிவிட்டது எது என்று தேடுவார்கள். பெரும்பாலும் ஒரு தூண்டுதல் இருக்கும். உங்கள் கடிதத்திலேயே இரண்டு கிடைக்கின்றன: தூக்க மாத்திரை ஒன்று, லாக்டுலோஸை நிறுத்தியதால் வந்திருக்கக்கூடிய மலச்சிக்கல் இன்னொன்று. நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், உடம்பு வறண்டு பொட்டாசியம் குறைந்திருக்கலாம். எங்கேயாவது கிருமித்தொற்று இருக்கலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும், காய்ச்சல் இல்லாமலேயே அந்த நீரில் கிருமி இருக்கலாம். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் கசியலாம். மலம் தார் நிறத்தில், பிசுபிசுப்பாகப் போனதா என்று அவரைக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அது வேறு. ரத்த வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சமீபத்தில் எங்கேயாவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், ஸ்கேன் எடுக்க வேண்டிவரும். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுவார்கள். அம்மோனியாவை மட்டும் அளந்து, எண்ணைப் பார்த்துப் பயப்படுகிற பழக்கம் ஒன்று உண்டு. அந்த எண்ணை வைத்து நோயின் தீவிரத்தை நாங்கள் எடைபோடுவதில்லை.

லாக்டுலோஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சாதாரண பேதி மருந்து என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் ஏராளம். அது குடலுக்குள் அமிலத்தன்மையைக் கூட்டி, அம்மோனியாவை ரத்தத்துக்குள் போகவிடாமல் அங்கேயே பிடித்து, மலத்தோடு வெளியே அனுப்புகிறது. குறிக்கோள் ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளகிய மலம். ஒரு முறைதான் போனது என்றால் அளவு போதவில்லை. ஐந்தாறு முறை தண்ணீராகப் போனால் அளவு அதிகம். உடம்பு வறண்டு, அதுவே குழப்பத்தை மறுபடி கொண்டுவரும். ஆக, வயிறு போனபோது செய்ய வேண்டியிருந்தது அளவைக் குறைப்பதுதான். எத்தனை மில்லியில் ஆரம்பித்து எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிரப் மட்டும் போதாமல் குழப்பம் திரும்பத் திரும்ப வந்தால் குடல் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் ரிஃபாக்சிமின் மாத்திரையும் சேர்ப்பார்கள்.

இனி நீங்கள் படித்த புரதக் கதை. அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறது, எனவே புரதத்தை நிறுத்து என்பது பழைய மருத்துவம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் புரதத்தைக் குறைத்தும் இன்னொரு பகுதியினருக்கு வழக்கமான அளவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்தவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. அவர்களுடைய உடம்புப் புரதம்தான் அதிகமாகக் கரைந்தது. அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் வேலையில் கல்லீரலுக்கு அடுத்து உதவுவது தசை. முட்டையையும் பருப்பையும் நிறுத்தி அந்தத் தசையைத்தான் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் அவருக்குத் தேவை. 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். பாலும் பருப்பும் நன்றாகவே ஒத்துப்போகும். படுக்கப்போகும் முன் கட்டாயம் எதையாவது சாப்பிடச் சொல்லுங்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு ராத்திரிப் பட்டினி, மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். ஆனால் மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊட்டாதீர்கள், புரையேறிவிடும்.

அந்த மூலிகைப் பொடி இன்றோடு நிற்கட்டும். கல்லீரலுக்குச் 'சுத்தம்' என்று ஒன்று கிடையாது. அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பச்சைத் தேயிலைச் சாற்றை மாத்திரையாக விழுங்கியே கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. இருக்கிற கொஞ்சம் கல்லீரலை வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காற்றும் ஏப்பமும் தொல்லை, ஆபத்து இல்லை. அதற்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம், கிருமித்தொற்றுக்கு அது வழிவிடும். உள்ளங்கைச் சிவப்பு நோயின் ஓர் அடையாளம், அதற்குத் தனி வைத்தியம் இல்லை. மண்ணீரல் பெருத்துத் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 92,000 காட்டுகிறது. அதைக் கூட்டுவதற்கு எதையும் கொடுக்க வேண்டாம். கெண்டைக்கால் பிடிப்பு சிரோசிஸில் சகஜம். அதற்கென்று இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரை மட்டும் கூடவே கூடாது. சிறுநீரகம் கெடும், ரத்தம் கசியும். வலியோ காய்ச்சலோ வந்தால் பாராசிட்டமால்தான், நாளைக்கு 2 கிராமைத் தாண்டாமல்.

அந்த 'இரண்டு வருடம்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிரோசிஸ் பற்றிய 118 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2006-இல் வந்தது. வயிற்றில் நீர், ரத்தக் கசிவு, மூளைக் குழப்பம் போன்றவை வராதவர்களில் பாதிப் பேர் 12 வருடத்தையும் தாண்டினார்கள்; வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சுமார் இரண்டு வருடம். அவருக்கு இது என்செஃபலோபதி என்று உறுதியானால் இரண்டாவது கூட்டத்துக்குள் வந்துவிட்டார் என்றுதான் அர்த்தம், அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் குடியை விடாதவர்களும் இருக்கிறார்கள், மாற்றுக் கல்லீரல் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். காரணத்தை நிறுத்தினால் சிலருக்குக் கல்லீரல் மறுபடி சமாளித்து எழுகிறது. 2021-இல் நடந்த பாவெனோ மருத்துவர் கூட்டம் அதை வரையறுத்தே வைத்திருக்கிறது. குடியை விட்டு, லாக்டுலோஸ், நீர் பிரியும் மாத்திரை போன்ற மருந்துகள் இல்லாமலேயே ஒரு வருடம் நீரோ கசிவோ குழப்பமோ இல்லாமல் இருந்து, ரத்தப் பரிசோதனையும் தேறினால், அப்படி எழுந்தவர்களின் பட்டியலில் சேரலாம். அவர் எட்டு மாதம் குடிக்காமல் இருந்திருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய மருந்தை நான் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஓரளவாவது பதில் சொல்வது பிலிரூபின், அல்புமின், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய நான்கு ரத்தப் பரிசோதனைகளும்தான். கல்லீரல் செல்களின் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்று நிம்மதி அடைய வேண்டாம், சிரோசிஸில் அது நார்மலாகவே இருக்கலாம். குழப்பம் தெளிந்த பிறகு மூன்று விஷயங்களை மருத்துவரிடம் கேளுங்கள்: உணவுக்குழாயின் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்தாயிற்றா, புற்றுநோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கிறோமா, கல்லீரல் மாற்று சிகிச்சைக் குழுவிடம் இப்போதே ஒரு முறை காட்டலாமா. மூன்றாவதைக் கேட்கப் பயமாக இருக்கும். கடைசி நிமிடத்தில் ஓடுவதைவிட, நடமாட முடிகிறபோதே போய்ப் பார்ப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு, வாரம் ஒருமுறை அவரை ஒரு நிமிடத்துக்குள் முடிந்த அளவு விலங்குகளின் பெயரைச் சொல்லச் சொல்லி எண்ணுங்கள். பத்துக்குக் கீழே போனால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மலச்சிக்கல், காய்ச்சல், பகல் தூக்கம் இவற்றில் எது வந்தாலும் அதேதான். அவர் வண்டி ஓட்டுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டுவார் என்றால், மருத்துவர் சரி என்று சொல்லும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.