ஒரு சுரம் மட்டும் ஏன் அடங்கிப்போகிறது?

கேள்வி: பயன்படுத்திய நான்கு தந்தி பேஸ் கிட்டார் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். ஜி தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மட்டும் ஒலி நீடிக்காமல் சட்டென்று அடங்கிவிடுகிறது. தந்தியை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகாது. 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை வெளியிட்டதிலிருந்து 34 அங்குலத் தந்தி நீளமே பொதுவழக்காகிவிட்டது. அவ்வளவு நீண்ட கழுத்துக்கென்று இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. நீங்கள் வாசிக்கும் சுரம் அதனுடன் ஒத்துப்போகும்போது, தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்வதால் ஒலி விரைவில் தேய்கிறது. ஜி தந்தியில் 5 முதல் 7 வரையிலான ஃப்ரெட்டுகளில் இது நல்ல கருவிகளிலும் காணப்படுவதுதான். கழுத்தின் தலைப்பகுதியில் சிறு எடையைப் பொருத்தி வாசித்துப் பாருங்கள். அடங்கும் இடம் நகர்ந்தால் காரணம் உறுதியாகிவிடும். அதே சுரத்தை டி தந்தியின் 10-ஆம் ஃப்ரெட்டிலும் வாசிக்கலாம். அங்கே ஒலி சற்றுக் கனமாக, என் காதுக்கு இன்னும் அழகாகவே இருக்கும். ஆகவே இந்தக் குறைக்காக மட்டும் கருவியை ஒதுக்க வேண்டாம். ஆனால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான ட்ரஸ் ராடின் திருகு இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால், ஒலி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வாங்காதீர்கள்.