அண்ணாச்சியக் கேளுங்க: காலையில வசனம், மத்தியானம் கோவம்

கேள்வி: ஸ்தோத்திரம் அண்ணாச்சி. நான் ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், தெனமும் காலையில வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரு வேத வசனம் வைக்கிறது பழக்கம். போன வாரம் எங்க ஆயாம்மா கை பட்டு டீ டம்ளர் அப்படியே நான் திருத்தி வச்ச நோட்டு மேல கவுந்துட்டு, நான் பிள்ளைங்க முன்னாடியே கன்னாபின்னான்னு கத்திட்டேன். அவங்க தொடைச்சுக்கிட்டே "காலையில போன்ல வசனம், மத்தியானம் வாயில இதுவா டீச்சர்"னு மெதுவா கேட்டாங்க. அதுலருந்து ஸ்டேட்டஸ் வைக்கவே கூசுது. என்னால ஆண்டவர் பேருக்குத்தானே கெட்ட பேரு, கொஞ்ச நாள் வைக்காம இருந்துரலாமா?
பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: டீச்சர், உங்க லெட்டர் மூணு பக்கம், எடமில்லாம சுருக்கித்தான் போட்டிருக்கு. அந்த மூணு பக்கத்துல ரெண்டு பக்கம் ஸ்டேட்டஸ் பத்தி, ஒரு பக்கம் உங்க மன வேதனை பத்தி. ஆயாம்மாகிட்ட அப்புறம் பேசினீங்களா இல்லையாங்கிறது ஒரு வரி கூட இல்ல, அவங்க பேரு கூட இல்ல. கோச்சுக்காதீங்க, எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது அதுதான்.

"உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" வசனம் மத்தேயு 5:16, நாமெல்லாம் காலண்டர்ல, கல்யாணப் பத்திரிகையில, ஸ்டேட்டஸ்ல எல்லாம் போடுறது. அதே அதிகாரத்துல ஏழு வசனம் தள்ளி 23, 24ஐ வாசிச்சுப் பாருங்க. காணிக்கைய எடுத்துட்டு பலிபீடம் வரைக்கும் வந்துட்ட, அங்க வச்சு உன் மேல ஒருத்தனுக்கு மனக்குறை இருக்குன்னு ஞாபகம் வருது, அப்ப காணிக்கைய அங்கேயே வச்சுட்டு போய் அவன்கிட்ட ஒப்புரவாகிட்டு வா அப்படின்னு இருக்கு. இத எந்த காலண்டர்லயும் நான் பாத்ததில்ல. ஆனா ரெண்டும் ஒரே மலைப்பிரசங்கத்துல, ஒரே மூச்சுல சொன்னதுதான், நாமதான் நடுவுல கத்தரி போட்டு வச்சிருக்கோம்.

இன்னொண்ணும் சொல்லணும். ஞாயித்துக்கிழம ஆராதனையில பொதுப் பாவ அறிக்கை சொல்றோம்லா, செய்ய வேண்டியத செய்யாம விட்டோம், செய்யக்கூடாதத செஞ்சோம்னு சபையே கோரஸா சொல்லுது, ஒருத்தர் முகத்துலயும் ஒரு வருத்தம் இருக்காது. அதையே திங்கக்கிழம ஆயாம்மா சொன்னா மட்டும் நமக்கு நெஞ்சு வெடிச்சுருது, ஏன்னா அவங்க பாவம்னு பொதுவா சொல்லல, எந்தப் பாவம்னு சொல்லிட்டாங்க.

எனக்கும் நடந்துச்சு, சொல்லுதேன். சில வருஷத்துக்கு முன்னாடி, நான் சபை கமிட்டியில இருந்தப்ப, திருவிருந்து எடுத்துட்டு வெள்ள வேட்டி வெள்ள சட்டையோட நேரா கறிக்கடைக்கு போயி நின்னேன், வேதப்புஸ்தகம் கக்கத்துல. ஒரு கிலோ கேட்டேன், வெட்டுற தம்பி எலும்பா அள்ளிப் போட்டான், எனக்கு எங்கருந்துதான் வந்துச்சோ, வரிசையில நின்ன அத்தன பேரு முன்னாடியும் அவன களவாணிப்பயன்னுட்டேன். அவன் ஒண்ணும் பேசல. கக்கத்துல இருந்த புஸ்தகத்த ஒரு தடவ பாத்தான், திரும்பி வெட்ட ஆரம்பிச்சுட்டான். வீட்டுல அன்னைக்கு கொழம்பு எனக்கு எறங்கல. எங்க வீட்டம்மாவோ "நேத்தைக்கு ஜெபக்கூட்டத்துல சாட்சி சொன்னியளே, அந்த மனுசன் எங்க போனாரு"ன்னு கேட்டுட்டு அவ பாட்டுக்கு சாப்பிட்டா.

திங்கக்கிழம போயி தனியா சொல்லிருலாம்னுதான் நெனச்சேன், ஆளு இருக்க மாட்டாங்கல்லா. வீட்டம்மாதான் விடல, ஊரு பாக்க திட்டிட்டு யாரும் பாக்காம மன்னிப்பு கேக்கிறதா, அடுத்த ஞாயித்துக்கிழம அதே நேரம் போங்கன்னுட்டா. போனேன். வரிசையில நின்னேன், என் முறை வந்ததும் "தம்பி, போன வாரம் ஒன்னைய தப்பா பேசிட்டேன், மன்னிச்சுக்கோ"ன்னேன். "அட விடுங்க சார், எவ்வளவு வேணும்"னு கேட்டான். அவ்வளவுதான். அவன் அழல, சபைக்கு வாரேன்னு சொல்லல, எலும்பும் பழையபடிதான் விழுந்துச்சு.

அதனால டீச்சர், ஸ்டேட்டஸ் வைங்க, வைக்காம போங்க, அது ரெண்டாவது. பிள்ளைங்க முன்னாடி கத்துனீங்க, அதே கிளாஸ்ல அதே பிள்ளைங்க இருக்கும்போது ஆயாம்மாவ கூப்பிட்டு சொல்லுங்க. "நீங்களும் கொஞ்சம் பாத்து வச்சிருக்கலாம்"னு வாலு சேக்காதீங்க, அத சேத்தா மொத்தமும் போச்சு. வசனம் சொல்லாதீங்க. ஸ்வீட் பாக்கெட்டும் வேண்டாம், அவங்க வாங்கிக்கிட்டுத்தான் ஆகணும்னு ஆயிரும். மறுபடியும் ஒரு நாள் கத்துவீங்க, கோவக்காரங்களுக்கு அது ஒரே நாள்ல போறதில்ல, மறுபடியும் போயி கேக்கணும், ரெண்டாவது தடவ இன்னும் கஷ்டமா இருக்கும், இப்பவே சொல்லி வைக்கேன்.

கேள்வி: எங்க தெருவுல கிறிஸ்மஸ் பாட்டு பாடிட்டு வார கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கர் வச்சு வருது, பக்கத்து வீட்டுல பரீட்சைக்கு படிக்கிற பிள்ள இருக்கு. குறை சொன்னா "இதுதான் சாட்சி"ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?
ஒரு சபை அங்கத்தினர், நாகர்கோவில்

பதில்: பெத்லகேம்ல தேவதூதர்கள் பாடுனது முழிச்சிருந்த மேய்ப்பர்கள்கிட்ட. லூக்கா தெளிவாவே எழுதியிருக்காரு, அவங்க ராத்திரி மந்தைய காவல் காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு. தூங்குனவங்கள எழுப்புனதா எழுதல. ஸ்பீக்கர் இல்லாம பத்து மணிக்குள்ள பாடுனா அந்த வீட்டுக்காரங்களே காப்பி குடுப்பாங்க.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர்ல கல்லறைத் தோட்டம் சாதிக்கு ஒண்ணா ரெண்டு இருக்கு, நடுவுல ஒரு சுவரு. காலேஜ்ல கூட படிக்கிற பையன் "ஒங்க மதத்துலதான் எல்லாரும் சமம்னு சொன்னியே"ன்னு கேக்கான். எப்படி டிஃபென்ட் பண்றது?
ஒரு வாலிபன், பாளையங்கோட்டை

பதில்: எதுக்கு தம்பி டிஃபென்ட் பண்ணணும்? "ஆமா, தப்பு"ன்னு சொல்லு. அவன் கேட்டது சரியான கேள்வி.

இது புதுசும் இல்ல. பேதுரு அந்தியோகியாவுல புறஜாதி ஆளுங்களோட, அதாவது யூதரல்லாதவங்களோட, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாரு, எருசலேம்லருந்து நாலு பேரு வந்ததும் நைசா எழுந்து தனியா போயிட்டாரு. இது அவரு இயேசுவ தெரியாதுன்னு சொன்ன, சேவல் கூவுன ராத்திரி இல்ல, பரிசுத்த ஆவி எறங்குன பெந்தெகொஸ்தே முடிஞ்சு எத்தனையோ காலம் கழிச்சு. பவுல் எல்லாரு முன்னாடியும் முகத்துக்கு நேரா கேட்டாரு, கேட்டத கலாத்தியர் 2ஆம் அதிகாரத்துல எழுதியும் வச்சுட்டாரு. தலைமை அப்போஸ்தலனோட பந்தி விவகாரத்த மறைக்காம வேதத்துலயே விட்டு வச்சிருக்காங்க, நாம கல்லறைச் சுவர மறைக்கப் பாக்கோம்.

நம்ம பக்கமும் அதே கதைதான். 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி கூடாது, ஒடனே முழுசா விட்டுறணும்னு சுற்றறிக்கை அனுப்பினாரு. தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் அதுக்காகவே சபைய விட்டு வெளிய போனவங்க உண்டு, கிறிஸ்துவ விடல, சாதிய விட முடியல. சரி, மிஷனரிமாராவது சுத்தமான்னா அதுவும் இல்ல. கால்டுவெல் ஐயர் 1841லருந்து இடையன்குடியில கெடந்து உழைச்சாரு, 1856ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதுனாரு, எல்லாம் சரி, அவரேதான் 1849ல நாடார் ஜனங்கள பத்தி ரொம்ப தரக்குறைவா ஒரு சின்ன புஸ்தகமும் எழுதுனாரு. அந்த ஜனங்க படிச்சு மேல வந்து அத எதிர்த்து சண்ட போட்டாங்க, புஸ்தகம் வாபஸ் ஆச்சு. இடையன்குடிக்கு போறவங்க கோயில மட்டும் பாத்துட்டு வராம இதையும் தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு நான் நெனைக்கேன்.

ஒன் ஃப்ரெண்டுக்கு பதில் சொன்னப்புறம், அடுத்த சபைக் கூட்டத்துல எந்திச்சு அந்தச் சுவரு எதுக்குன்னு கேளு. தனியா கேக்காத, ரெண்டு மூணு வாலிபப் பிள்ளைகள சேத்துக்கோ, திட்டு வாங்க தயாரா போ.

கேள்வி: வண்டியில வசனம் ஒட்டிட்டு ராங் சைடுல வாறவங்கள என்ன சொல்றது?
ஆட்டோ ஓட்டுநர், திருநெல்வேலி

பதில்: வண்ணாரப்பேட்டை பக்கம் என்னையத்தான் பாத்திருப்பிய. என் ஸ்கூட்டர் முன்னாடி "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"னு ஒட்டியிருக்கும். ஒரு நாள் சுத்திப் போக சோம்பல்பட்டு எதுத்தாப்புல வந்தேன், ஒரு ஆட்டோக்காரர் பிரேக் போட்டு "கர்த்தர் உம்ம மேய்ப்பாருவே, நாங்க எங்கவே போறது?"ன்னு கேட்டாரு. அது நீங்களா இருந்தா, நல்லா கேட்டிய. ஸ்டிக்கர எடுக்கல. இப்ப சுத்தித்தான் வாறேன், பெட்ரோல்தான் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கி.