பயிலரங்கில் கற்ற மனக்காட்சிப் பயிற்சி ஆட்டத்தில் உதவவில்லையா?

வீரர்களைப் படுக்க வைத்துச் செய்வதை முதலில் நிறுத்துங்கள். பயிலரங்கில் காட்டியபடியே கண்ணை மூடிப் படுக்க வைத்து கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோவை (கோட்டில் நின்று தடுப்பாரின்றி எறியும் ஷாட்டை) கற்பனை செய்யச் சொன்னதாகவும், மூன்று வாரமாகியும் ஆட்டத்தில் மாற்றமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உடலைத் தளர்த்தும் தளர்வுப் பயிற்சியும், ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்க்கும் மனக்காட்சியும் ஒன்றாகக் கலந்துவிட்டதுதான் காரணமாக இருக்கும், ஒரே அமர்வில் இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பம் சகஜம். 2001இல் விளையாட்டு உளவியல் ஆய்வாளர்கள் ஹோம்ஸும் காலின்ஸும் முன்வைத்த பெட்லெப் (PETTLEP) என்ற மனக்காட்சி முறை வேறு மாதிரி: கோட்டருகே ஜெர்சியோடு நின்று, பந்தைக் கையில் வைத்து, நிஜ வேகத்திலேயே, ஆட்டத்தில் வரும் படபடப்பையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சரி, ஒரு சோதனை. பந்தைத் தட்டத் தொடங்கியதிலிருந்து அது கையை விட்டுப் போகும்வரை ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். அப்புறம் அதையே மனதில் ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் விரலைத் தூக்கச் சொல்லுங்கள். நிஜத்தில் 6 விநாடி, மனதில் 2 என்றால் பாதிக்கு மேல் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

சிலருக்கு மனதில் படமே வராது. வற்புறுத்தாமல், கையில் பந்து உருளும் உணர்வைக் கவனிக்கச் சொல்லுங்கள். தவறவிட்ட ஷாட்டே திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெடுகிறது என்று யாராவது சொன்னால், பயிலரங்குச் சான்றிதழை நம்பி நீங்களே கையாளாதீர்கள், தகுதிபெற்ற உளவியலாளரிடம் அனுப்புங்கள்.